கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் தெரிவு: ஏ.எஃப்.எல். வீரர் பரிமாற்றம் பற்றி ஒரு கேள்வி

கொக்குவிலூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டத்தை (அதன் தேசிய லீக்தான் ஏ.எஃப்.எல்.) ஓர் ஆட்டமாக விளங்கிக்கொள்வதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரக் கம்பத்துக்கு உள்ளே போனால் ஒரு புள்ளி என்பவற்றை மெல்பேர்ணில் வசிக்கும் மருமகன் தொலைபேசியில் சொன்னபோதே பிடித்துக்கொண்டேன். விளங்காமல் இருப்பது, செப்டெம்பர் கடைசியில் இறுதிப் போட்டி முடிந்த பின்னர் அலுவலக அறைகளில் நடைபெறும் அடுத்த ஆட்டம்.

எங்களுக்குப் பழக்கமான முறைகள் இரண்டு. ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் பணமுள்ள கழகம் மற்றக் கழகத்துக்குப் பணம் கொடுத்து வீரரைப் பெறுகின்றது. 2017 இல் நெய்மாருக்காகப் பாரிஸ் கழகம் பார்சிலோனாவுக்குக் கொடுத்த தொகை 222 மில்லியன் யூரோ. ஐ.பி.எல். போட்டியில் எல்லா அணிகளுக்கும் ஒரே அளவு பணத்தை ஒதுக்கி ஏலத்தில் இறக்கிவிடுகின்றார்கள். எங்களுடைய லங்கா பிரீமியர் லீக்கும் 2020 இல் ட்ராஃப்ட் முறையில், அதாவது அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக வீரர்களைத் தெரிவு செய்யும் முறையில், தொடங்கி 2023 இல் ஏலத்துக்கு மாறியது. ஏ.எஃப்.எல். இந்த இரண்டிலும் அடங்குவதாகத் தெரியவில்லை.

குறிப்பாக என்னைக் குழப்பிய ஒரு சம்பவம் உண்டு. 2022 ஒக்டோபரில் கோல்ட் கோஸ்ட் கழகம் ஜாக் போவ்ஸ் என்ற வீரரை ஜீலோங் கழகத்துக்குக் கொடுத்தது. கொடுத்ததோடு நில்லாமல், அவ்வாண்டு ட்ராஃப்டின் ஏழாம் தெரிவையும் (ஏழாவதாக ஒரு வீரரைத் தெரிவு செய்யும் உரிமையை) சேர்த்துக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்றுத் தெரிவு ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டது. ஜீலோங்கோ சில நாள்களுக்கு முன்னர்தான் கிண்ணம் வென்றிருந்த அணி. வலிமையற்ற கழகம் ஒன்று வெற்றியாளருக்கு வீரரையும் கொடுத்து, நல்ல தெரிவையும் கொடுத்து, வெறுங்கையோடு திரும்புவது எந்தக் கணக்கில் நியாயமாகின்றது? பலவீனமான அணியைத் தூக்கிவிடவே ட்ராஃப்ட் இருக்கின்றது என்று சொல்லப்படுவது உண்மையானால், இது அதற்கு நேர்மாறாக அல்லவா இருக்கின்றது? விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நல்லூர் வாசி எழுதியது:

வணக்கம். மெல்பேர்ணில் நெடுங்காலம் கணக்காளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில், போவ்ஸ் விடயத்திலிருந்தே தொடங்குகின்றேன். அதை விளங்கிக்கொண்டால் மீதி தானாக விளங்கிவிடும்.

ஏ.எஃப்.எல். கழகம் ஒன்று இன்னொரு கழகத்துக்குப் பணம் கொடுத்து வீரரை வாங்க முடியாது. பதினெட்டுக் கழகங்களும் தத்தம் வீரர்களுக்கு ஓர் ஆண்டில் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு உண்டு. 1987 இல் அது நடைமுறைக்கு வந்தபோது கழகத்துக்கு 12.5 இலட்சம் டொலராக இருந்தது, இன்றைக்கு 1.5 கோடி டொலரைத் தாண்டிவிட்டது. புதிதாக வரும் இளைஞர்கள் கழகத்தைத் தெரிவு செய்வதில்லை. நவம்பரில் நடைபெறும் ட்ராஃப்டில், புள்ளிப் பட்டியலின் அடியிலிருந்து மேலாக, கழகங்கள் அவர்களைத் தெரிவு செய்கின்றன. பணத்தை இப்படி மூன்று பக்கமும் அடைத்துவிட்டால் கழகங்கள் எதைக் கொண்டு பேரம் பேசும்? ஒன்று வீரர்கள், மற்றது ட்ராஃப்ட் தெரிவு இலக்கங்கள், மூன்றாவது பலரும் கவனிக்காத ஒன்று: உச்சவரம்புக்குள் மிஞ்சியிருக்கும் இடம்.

போவ்ஸின் ஒப்பந்தத்தில் பெருந்தொகை கடைசி ஆண்டுகளுக்குத் தள்ளிப் போடப்பட்டிருந்தது. அவரது ஆட்டத்தின் பெறுமதியை அந்தத் தொகை தாண்டிவிட்டதாகவும், தன்னிடமுள்ள மற்ற இளம் வீரர்களைத் தக்கவைக்க அந்த இடம் தேவை என்றும் கோல்ட் கோஸ்ட் கருதியது. அந்தச் சுமையை ஏற்பதற்கு உச்சவரம்பில் இடமுள்ள ஒரு கழகம் வேண்டும். சும்மா எவரும் ஏற்க மாட்டார்கள். ஏழாம் தெரிவு அந்தச் சுமைக்கான கூலி. ஜீலோங் அந்தத் தொகையை நீண்டதொரு ஒப்பந்தத்தில் பரப்பிவிட்டு வீரரையும் தெரிவையும் எடுத்துக்கொண்டது. ஜீலோங்கில் மூத்த வீரர்கள் வெளியில் கிடைக்கக்கூடியதிலும் குறைந்த சம்பளத்துக்குத் தங்கிவிடுவதாகப் பரவலாகச் சொல்வார்கள். அப்படியானால் அவர்களுக்கு இடம் இருந்ததில் வியப்பில்லை. கணக்குப் புத்தகத்தில் கோல்ட் கோஸ்ட் எதையும் இழக்காததுபோலத் தோன்றினாலும், ஒப்பந்தம் எழுதிய நாளிலேயே அந்த ஏழாம் தெரிவை அது செலவழித்துவிட்டது என்பதே என் எண்ணம்.

கொலிங்வூட் போன்ற பெரிய கழகத்துக்கும் இதே நெருக்கடி வந்தது. 2020 இல் அடம் ட்ரெலோரை வெஸ்டர்ன் புல்டோக்ஸ் கழகத்துக்கும் 2022 இல் புரோடி கிரண்டியை மெல்பேர்ண் கழகத்துக்கும் அனுப்பியபோது, அவர்கள் எதிரணிச் சட்டையில் ஆடும் ஆண்டுகளிலும் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தானே கொடுப்பதற்குக் கொலிங்வூட் ஒப்புக்கொண்டது. இலட்சக்கணக்கான ஆதரவாளர்களும் நிறைந்த கஜானாவும் உள்ள கழகம் ஒன்று உச்சவரம்பின் முன்னால் மற்றவர்களைப் போலவே திணறியது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதற்குப் பழைய கதையைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1915 தொடக்கம் மெல்பேர்ண் நகரம் கழகங்களுக்கிடையே வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1968 இல் விக்டோரிய மாநிலத்தின் நாட்டுப்புறங்களும் அவ்வாறே பிரிக்கப்பட்டன. எங்கள் ஊர்க் கழகங்களைப் போல, பிறந்து வளர்ந்த இடமே கழகத்தைத் தீர்மானித்தது. ஆனால் எல்லா வலயமும் ஒன்றாக விளையாதே. பெண்டிகோ பக்கம் கார்ல்டனுக்கும் மோர்னிங்டன் குடாநாட்டுப் பக்கம் ஹோதோர்னுக்கும் கிடைத்தன. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த இரண்டு கழகங்களும் அள்ளிய கிண்ணங்களைப் பார்த்தால், வலயப் பிரிப்பின் அதிர்ஷ்டம் எவ்வளவு என்பது தெரியும்.

சம்பளத்தைக் கட்டுப்படுத்தும் எண்ணமும் புதியதல்ல. 1930 இல் கூல்டர் சட்டம் என்ற ஒன்று ஒரு போட்டிக்கு மூன்று பவுணுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதித்தது. சவுத் மெல்பேர்ண் கழகம் அதை மீறாமலே தாண்டியது. கழகத் தலைவராக இருந்த ஆர்ச்சி குரோஃப்ட்ஸ் பலசரக்குக் கடைத் தொடர் ஒன்றின் உரிமையாளர். மேற்கு அவுஸ்திரேலியா முதலிய இடங்களிலிருந்து வந்த ஆட்டக்காரர்களுக்குத் தன் கடைகளில் வேலை கொடுத்தார். "அந்நியப் படையணி" என்று பெயர் பெற்ற அந்த அணி 1933 இல் கிண்ணம் வென்றது. அந்தக் காலத்துப் பொருளாதார மந்தத்தில், போட்டிக்கு மூன்று பவுணிலும் நிரந்தர வேலை ஒன்று பெரிது.

பிற்பாடு 1972 இல், ஒரே கழகத்தில் பத்து ஆண்டு ஆடியவர் கழகத்தின் அனுமதியின்றி வெளியேறலாம் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். அதுவரை கிண்ணமே வென்றிராத நோர்த் மெல்பேர்ண், ஜீலோங்கிலிருந்து டக் வேட்டையும் எசென்டனிலிருந்து பரி டேவிஸையும் சவுத் மெல்பேர்ணிலிருந்து ஜோன் ரன்டாலையும் பிடித்துக்கொண்டது. மற்றக் கழகங்கள் அலறியடித்து 1973 இலேயே விதியை நீக்கிவிட்டன, ஆனால் போனவர்கள் போனவர்கள்தான்; நோர்த் மெல்பேர்ண் தன் முதலாவது கிண்ணத்தை 1975 இல் வென்றது.

பழைய முறையை உண்மையில் உடைத்தது நீதிமன்றம். சவுத் மெல்பேர்ண் 1982 இல் சிட்னிக்கு இடம்பெயர்ந்தபோது, அங்கே போக விரும்பாத சில்வியோ ஃபொஷினி என்ற இளைஞர் செயின்ட் கில்டாவுக்கு மாறக் கேட்டார், அனுமதி மறுக்கப்பட்டது. 1983 இல் விக்டோரிய உயர் நீதிமன்றம், அந்த அனுமதி விதிகள் ஒருவருடைய தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுக்கின்றன என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர் பணமுள்ளவர் பறித்தெடுக்கும் காலம் ஒன்று சில ஆண்டுகள் நீடித்து, பல கழகங்கள் கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தன. 1986 நவம்பரில் முதலாவது தேசிய ட்ராஃப்டும் அடுத்த ஆண்டில் சம்பள உச்சவரம்பும் வந்தது இந்தப் பின்னணியில்தான். முதலாவது ட்ராஃப்டின் முதலாம் தெரிவாகப் போர்ட் அடிலெய்டின் மார்ட்டின் லெஸ்லியைப் பிரிஸ்பேன் பெயர்ஸ் எடுத்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். உச்சவரம்பு மட்டும் இருந்து ட்ராஃப்ட் இல்லாவிட்டால், இளம் வீரர்கள் சம அளவு பணத்தில் வெற்றி பெறும் கழகத்தையே நாடுவார்கள். ட்ராஃப்ட் மட்டும் இருந்து உச்சவரம்பு இல்லாவிட்டால், ஏழைக் கழகம் வளர்த்தெடுத்தவரைப் பணக்காரக் கழகம் ஒப்பந்தம் முடிந்த மறுநாளே தூக்கிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

உரும்பிராய் ரசிகன் எழுதியது:

மேலே எழுதிய ஐயாவின் விளக்கம் நன்று. ஆனால் தோற்றவனுக்குப் பரிசு கொடுக்கும் முறையில் வேண்டுமென்றே தோற்பவன் வராமல் இருப்பானா?

2009 இல் மெல்பேர்ண் கழகத்துக்கு நான்கே நான்கு வெற்றிகள். அப்போதைய விதிப்படி, அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் நான்கு வெற்றிகளைத் தாண்டாத அணிக்கு முதலாம் சுற்றுக்கு முன்னரே முன்னுரிமைத் தெரிவு ஒன்று கிடைக்கும். ஐந்தாவது வெற்றி ஒன்று வந்திருந்தால் அது கைநழுவியிருக்கும். அந்த ஆண்டின் முதலிரண்டு தெரிவுகளும், டொம் ஸ்கலி, ஜாக் ட்ரெங்கோவ் என்ற இருவர், அவர்களுக்கே கிடைத்தன. பின்னர் நடந்த விசாரணை, கழகம் வேண்டுமென்று தோற்றதாக நிரூபிக்கப்படவில்லை என்று சொன்னது. ஆனால் அதே விசாரணையின் முடிவில் 2013 இல் கழகத்துக்கு ஐந்து இலட்சம் டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. குற்றமில்லை, தண்டனை மட்டும் உண்டு என்ற இந்தத் தீர்ப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. தானாகக் கிடைக்கும் முன்னுரிமைத் தெரிவு 2012 இல் நீக்கப்பட்டது. ஸ்கலியோ 2011 முடிவிலேயே புதிய கழகமான ஜி.டபிள்யூ.எஸ். (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) இற்குப் போய்விட்டார்.

அடுத்தது கார்ல்டன். 2002 இல் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்துக்கு விழுந்த அந்தக் கழகம், சம்பள உச்சவரம்பை மறைமுகமாக மீறிப் பணம் கொடுத்து வந்தது அதே ஆண்டில் வெளிப்பட்டது. ஒன்பது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட அபராதத்தை அந்தக் கழகம் தாங்கியிருக்கும். அதைக் கொன்றது, கையிலிருந்த முதலாம், இரண்டாம் தெரிவுகளைப் பறிகொடுத்ததுதான். முதலாம் தெரிவு பிரென்டன் கொடார்டாகச் செயின்ட் கில்டாவுக்கும், இரண்டாம் தெரிவு டானியல் வெல்ஸாக நோர்த் மெல்பேர்ண் கழகத்துக்கும் போயின. பிற்காலத்தில் 2005, 2006, 2007 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதலாம் தெரிவு கார்ல்டனுக்கே கிடைத்தது. 2015 இலும் 2018 இலும் மீண்டும் கிடைத்தது. கடைசிக் கிண்ணம் 1995. ட்ராஃப்ட் நோய் தீர்க்கும் என்று நம்புகின்றவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கட்டும்.

அளவெட்டியிலிருந்து மெல்பேர்ண் எழுதியது:

இரண்டு பதிவுகளையும் படித்தேன். இருவரும் கழகங்களின் பக்கம் நின்று எழுதியிருக்கின்றீர்கள். வீரரின் பக்கத்தை நான் சேர்க்கின்றேன், ஏனெனில் இந்த முறையின் உண்மையான ஓட்டை அங்கேதான் இருக்கின்றது.

அமெரிக்கக் கூடைப்பந்தில் கழகம் நினைத்தால் வீரரைக் காலையில் எழுப்பி, இன்று முதல் நீ வேறு நகரத்தில் ஆடுகின்றாய் என்று சொல்லிவிடலாம். ஏ.எஃப்.எல். இல் ஒப்பந்தத்திலுள்ள வீரரை அவரது சம்மதமின்றி மாற்ற முடியாது. போவ்ஸை வாங்கப் பல கழகங்கள் முன்வந்தன. எங்கே போவது என்று தீர்மானித்தவர் போவ்ஸ். வீரர் ஒரு கழகத்தின் பெயரைச் சொல்லிவிட்டால், விற்கும் கழகம் அந்த ஒரு வாடிக்கையாளரோடு மட்டுமே பேரம் பேச வேண்டும். அது எத்தகைய பேரமாக இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

பதினெட்டு வயதில் ட்ராஃப்டில் எடுக்கப்பட்டு நாட்டின் மறுகோடிக்கு அனுப்பப்படும் பையன், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பக் கேட்பான். 2013 இல் பிரிஸ்பேனிலிருந்து ஐந்து இளம் வீரர்கள் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். அவர்களில் எலியட் யோ வெஸ்ட் கோஸ்டிலும் சாம் டொகெர்ட்டி கார்ல்டனிலும் முன்னணி வீரர்களாக வளர்ந்தார்கள். 2021 இன் முதலாம் தெரிவான ஜேசன் ஹோர்ன்-பிரான்சிஸ் நோர்த் மெல்பேர்ணில் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டுத் தன் சொந்த மாநிலத்துக்குப் போக வேண்டும் என்றார். நான்கு கழகங்கள் சேர்ந்து செய்த பரிமாற்றத்தில் 2022 இல் போர்ட் அடிலெய்டுக்குப் போனார். ஆகவே தெரிவு இலக்கத்தின் பெறுமதி எல்லாக் கழகத்துக்கும் ஒன்றல்ல. விக்டோரியாவிலிருந்து அதிகம் வீரர்கள் உருவாகும் நாட்டில், பத்துக் கழகங்கள் விக்டோரியாவில் இருக்கும்போது, வடக்கே உள்ள கழகம் எடுக்கும் ஐந்தாம் தெரிவைப் பாதி இரவல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இருந்தும், ஊர் திரும்பும் ஆசை இரண்டு பக்கமும் பயன்பட்ட பரிமாற்றமும் உண்டு. 2007 இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் வெஸ்ட் கோஸ்ட் அணித் தலைவர் கிறிஸ் ஜட் மெல்பேர்ணுக்குத் திரும்ப விரும்பி கார்ல்டனைத் தெரிந்தெடுத்தார். கார்ல்டன் அவருக்காக மூன்றாம் தெரிவையும் இருபதாம் தெரிவையும் கொடுத்து, ஜோஷ் கெனடி என்ற இருபது வயது முன்வரிசை வீரரையும் சேர்த்துக் கொடுத்தது. ஜட் 2010 இல் கார்ல்டன் சட்டையில், பருவத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றார். மேற்கு அவுஸ்திரேலியாவிலேயே வளர்ந்த கெனடியோ வெஸ்ட் கோஸ்டுக்காக 700 கோல்களுக்கு மேல் அடித்து, 2015, 2016 இரண்டிலும் அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் பெற்று, 2018 கிண்ணத்திலும் ஆடினார். அப்போது கார்ல்டன் வென்றுவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. இப்போது எவரும் அப்படி எழுத மாட்டார்கள்.

டொம் பொய்ட் கதையில் கணக்கே வேறு. 2013 இன் முதலாம் தெரிவு, ஜி.டபிள்யூ.எஸ். இல் ஒரு பருவம். அடுத்த ஆண்டே புல்டோக்ஸ் கழகம் தன் அணித் தலைவர் ரயன் கிரிஃபனையும் ஆறாம் தெரிவையும் கொடுத்து, ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலர் வீதம் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் அவரை எடுத்தது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு இது பைத்தியக்கார விலை என்றார்கள். ஒப்பந்தம் முடியும் முன்னர், 2019 இல், இருபத்து மூன்று வயதில் அவர் ஓய்வு பெற்றார். ஆனால் 2016 இறுதிப் போட்டியில் அவர் மூன்று கோல் அடித்தார், 1954 இற்குப் பின்னர் புல்டோக்ஸ் முதன்முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது. அவர்களிடம் போய் விலை அதிகம் என்று சொல்லிப் பாருங்கள்.

2015 தொடக்கம் அடுத்த ஆண்டின் தெரிவுகளையும் பரிமாறலாம். இது எங்கள் சீட்டுப் போன்றது. அவசரக்காரன் கழிவு கொடுத்து முன்கூட்டியே எடுப்பான், பொறுத்திருப்பவன் இலாபம் பார்ப்பான். வித்தியாசம் என்னவென்றால், சீட்டில் தொகை தெரியும். இங்கே அடுத்த ஆண்டு தான் எத்தனையாம் இடத்தில் முடிப்பேன் என்பதைத் தெரியாமலே கழகம் எழுதிக் கொடுக்கின்றது. தன்னைப் பற்றி மிதமிஞ்சிய நம்பிக்கை வைக்கும் பயிற்றுநரிடமிருந்து எதிர்காலத் தெரிவை வாங்குவது மிகவும் இலாபமான வியாபாரம்.

கொக்குவிலூரான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. போவ்ஸ் விடயம் இப்போது தெளிவாகிவிட்டது. ஃபொஷினி வழக்கில் பழைய விதிகள் தொழில் உரிமைக்கு எதிரானவை என்று நீதிமன்றம் சொன்னதென்றால், ட்ராஃப்ட் மட்டும் எப்படித் தப்பியது? பதினெட்டு வயதுப் பையனிடம் நீ போக வேண்டிய ஊரை நாங்கள் சொல்வோம் என்பது அதிலும் கடுமையான தடை அல்லவா?

நல்லூர் வாசி எழுதியது:

பொருத்தமான கேள்வி. றக்பி லீக்கில் இதே முயற்சி தோற்றது. நியூ சவுத் வேல்ஸ் றக்பி லீக் கொண்டுவந்த உள்ளக ட்ராஃப்டை வீரர்கள் எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். அது நியாயமற்ற தொழில் தடை என்று 1991 இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு ஆயம் தீர்ப்பளித்தது. ஏ.எஃப்.எல். ட்ராஃப்ட் அத்தகைய சோதனைக்கு இறுதிவரை கொண்டுசெல்லப்படாமல் நிலைத்திருப்பதற்குக் காரணம், வீரர் சங்கத்துடன் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தின் பகுதியாக அது இருப்பதே. வீரர்கள் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. வருமானத்தில் பங்கையும் வெளியேறும் வழிகளையும் கேட்டு வாங்கினார்கள்.

வெளியேறும் வழிகளில் முக்கியமானது 2012 முடிவில் வந்த ஃப்ரீ ஏஜென்சி. எட்டு ஆண்டுகள் ஒரே கழகத்தில் ஆடியவர் ஒப்பந்தம் முடிந்ததும் பரிமாற்றம் இன்றி விலகலாம். கழகத்தின் சம்பளப் பட்டியலில் மேல் கால் பங்கில் உள்ளவரானால், புதிய கழகம் சொல்லும் தொகையைத் தானும் கொடுக்க முன்வந்து பழைய கழகம் தடுக்கலாம். முதலாவது ஆண்டிலேயே செயின்ட் கில்டாவை விட்டு எசென்டனுக்குப் போனவர் யார் தெரியுமா? மேலே உரும்பிராய் நண்பர் குறிப்பிட்ட அதே கொடார்ட். கழகம் இழக்கும்போது லீக்கே ஈட்டுத் தெரிவு ஒன்றைக் கொடுக்கின்றது. அந்தத் தெரிவு வானத்திலிருந்து வருவதில்லை. அதற்குக் கீழே வரிசையில் நிற்கும் கழகங்கள் எல்லாம் ஒவ்வோர் இடம் பின்தள்ளப்படுகின்றன.

2013 இல் லான்ஸ் ஃபிராங்க்ளின் ஹோதோர்னை விட்டுச் சிட்னிக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டொலருக்குப் போனபோது, கிண்ணம் வென்ற ஹோதோர்னுக்குக் கிடைத்த ஈடு பத்தொன்பதாம் தெரிவு. சிட்னியில் வாழ்க்கைச் செலவு அதிகம் என்று அந்தக் கழகத்துக்கு உச்சவரம்புக்கு மேல் 9.8 வீதம் கூடுதலாக அனுமதிக்கப்பட்டிருந்தது. மற்றக் கழகங்கள் கொதித்தெழுந்தன, அந்தச் சலுகை படிப்படியாக ஒழிக்கப்பட்டது. சட்டப்படி வாங்கியதற்காகவே சட்டம் மாற்றப்பட்டது என்றால் மிகையில்லை. ஃபிராங்க்ளின் 2022 இல் தனது ஆயிரமாவது கோலைச் சிட்னிக்காகவே அடித்தார். சிட்னியோடு கிண்ணம் மட்டும் கிடைக்கவில்லை.

வட்டுக்கோட்டை அம்மா எழுதியது:

நான் இந்த விளையாட்டைப் பார்ப்பவள் அல்லள். சிட்னியில் இருக்கும் என் பேரன் சனிக்கிழமைகளில் இதை ஆடுகின்றான் என்பதால் தொடர்ந்து படித்து வந்தேன். ஒரு விடயம் மட்டும் கேட்கின்றேன். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ட்ராஃப்டில் ஏதோ தனி வழி உண்டு என்று மகள் சொன்னாள். அது உண்மையா?

அளவெட்டியிலிருந்து மெல்பேர்ண் எழுதியது:

உண்மைதான் அம்மா, ஆனால் அது ஒரு வழியல்ல, பல வழிகள். மெல்பேர்ணில் ஒன்று, சிட்னியில் இன்னொன்று.

பழையது தந்தை வழி. தந்தை ஒரு கழகத்துக்காக 100 போட்டிகள் ஆடியிருந்தால் மகனை அதே கழகம் முன்னுரிமையோடு எடுக்கலாம். முன்னர் இது ஏறக்குறையச் சும்மா கிடைத்தது; 2001 இல் கரி ஏபிளெட்டின் மகனை ஜீலோங் நாற்பதாம் தெரிவில் பெற்றுக்கொண்டது. 2007 இலிருந்து மற்றக் கழகங்கள் ஏலம்போலத் தங்கள் தெரிவை முன்வைக்கலாம், தந்தையின் கழகம் ஈடு கொடுக்க வேண்டும். 2015 இலிருந்து ஒவ்வொரு தெரிவுக்கும் புள்ளிப் பெறுமதி உண்டு. முதலாம் தெரிவுக்கு 3000 புள்ளிகள் என்று தொடங்கினார்கள். பின்வரிசைத் தெரிவுகள் பலவற்றைச் சேர்த்து அந்தப் புள்ளிகளைக் கட்டிவிடலாம் என்பதால், பட்டியலின் மேலே உள்ள கழகமும் சிறந்த பையனை எடுத்துவிடும். பிரிஸ்பேன் 2022 இல் வில் ஆஷ்குரோஃப்டை இரண்டாம் தெரிவில் பெற்றது இப்படித்தான். 2024, 2025 இரண்டு கிண்ணங்களையும் பிரிஸ்பேன் வென்றபோது இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் அவரே. கடைசி இடத்துக்கு முதல் தெரிவு என்ற கொள்கையில் இதைவிடப் பெரிய துளை இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்குச் சம்பந்தப்படுவது 2016 இல் தொடங்கிய "அடுத்த தலைமுறை" பயிற்சிக் கழகம். பூர்வகுடிப் பிள்ளைகளையும், ஆசியாவிலோ ஆபிரிக்காவிலோ பிறந்த தாயையோ தந்தையையோ கொண்ட பிள்ளைகளையும், தன் வலயத்துக்குள் இருந்து வளர்த்தெடுக்கும் கழகம் அவர்களை முன்னுரிமையோடு எடுக்கலாம். 2020 இல் ஜமாரா உகிள்-ஹேகனை முதலாம் தெரிவிலேயே புல்டோக்ஸ் இந்த வழியால் பெற்றது. அந்த ஆண்டு முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்த அடிலெய்ட் அவரது பெயரைச் சொல்ல, புல்டோக்ஸ் புள்ளிகளைக் கட்டி எடுத்துக்கொண்டது. கூச்சல் எழுந்ததும் இந்த வாசலைச் சில ஆண்டுகள் ஒடுக்கி வைத்தார்கள். பின்னர் மீண்டும் அகலத் திறந்தார்கள். ஒவ்வொரு முறையும் யாருக்கு அண்மையில் இலாபம் கிடைத்ததோ அவர்களைப் பார்த்தே விதி மாறுகின்றது என்பது என் குறை.

உங்கள் பேரன் சிட்னியில் இருப்பதால் இன்னும் எளிது. சிட்னி, ஜி.டபிள்யூ.எஸ்., பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட் ஆகிய வடபகுதிக் கழகங்களுக்குத் தனிப் பயிற்சிக் கழகங்கள் உண்டு. அங்கே பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்று கேட்பதில்லை, அந்த வலயத்தில் வளர்ந்தால் போதும். ஐசாக் ஹீனி சிட்னிக்கு வந்தது அப்படியே. 2023 இல் கோல்ட் கோஸ்ட் தன் பயிற்சிக் கழகத்துப் பிள்ளைகள் நால்வரை முதலாம் சுற்றிலேயே எடுத்து, 2025 இல் முதன்முறையாக இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்குத் தகுதி பெற்றது. நல்லூர் ஐயா சொன்ன பழைய வலய முறையை எண்பதுகளில் முன்வாசலால் அனுப்பிவிட்டு, இப்போது பின்வாசலால் அழைத்து வந்திருக்கின்றார்கள்.

ஆகவே மகளிடம் சொல்ல வேண்டியது இரண்டு விடயம். பையனுக்குப் பதின்மூன்று பதினான்கு வயதாகும்போது உள்ளூர்ப் பயிற்றுநரிடம் பயிற்சிக் கழகத் தெரிவு பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்; ட்ராஃப்டுக்குப் பதினெட்டு வயதில் பெயர் கொடுக்கலாம், ஆனால் முன்னுரிமைக்குச் சில ஆண்டுகள் முன்னரே பயிற்சிக் கழகத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சிட்னிக்குள்ளேயே ஒரு பகுதி சிட்னி ஸ்வான்ஸுக்கும் இன்னொரு பகுதி ஜி.டபிள்யூ.எஸ். இற்கும் உரியது என்பதால், வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் எல்லை எங்கே ஓடுகின்றது என்பதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.